பன்னிரண்டு பேரும் போன வழி

நகரமும் கிராமமும் ஒரே உடலின் இரண்டு நுரையீரல்கள். ஒன்று மூச்சை விடும்போது மற்றொன்று மூச்சை இழுக்கிறது. இந்தத் தாளம் தப்புகிற நாளில் நாகரிகம் மூச்சுத் திணறிச் சாகும்.

இந்த மாபெரும் உண்மை பரணிதரனுக்கு உதித்தது கேளம்பாக்கம் சிக்னலில். நாற்பது நிமிடம் கார் நகராததால் உதிப்பதற்கு நேரம் இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் அதையே முதல் ஸ்லைடாகப் போட்டுத் திவ்யாவிடம் காட்டினார்.

"சார், ரெண்டு நுரையீரலும் ஒரே நேரத்துலதான் மூச்சு இழுக்கும். ஒரே நேரத்துலதான் விடும்," என்றாள் திவ்யா.

திவ்யா அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவள். பரணிதரன் மூத்த வடிவமைப்பாளர். பிளஸ் டூவில் கணினி எடுத்தவர். கொஞ்சம் யோசித்து, நுரையீரலை எடுத்துவிட்டு 'இதயம்' என்று போட்டார். ஓர் உடலில் எத்தனை இதயம் என்று திவ்யா கேட்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, மணியும் ஆறாகிவிட்டது.

திட்டத்தின் பெயர் 'ஊர்-நகர் உயிரிணைப்பு'. பெயர்தான் பெரிதே தவிர விஷயம் சின்னது. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் பனந்தாங்கல் என்று ஒரு கிராமம். அதற்கு ஒரு மினிபஸ் விடப் போகிறார்கள். ஒன்றே ஒன்று. அது எங்கே போக வேண்டும் என்று சொல்வதுதான் பரணிதரனின் ஆலோசனை நிறுவனத்துக்கு வந்த வேலை. அதற்கு எட்டு மாத அவகாசம், நான்கு நிபுணர்கள், ஒரு டிரோன்.

பரணிதரன் கிராமத்தை அறியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்பா கல்பாக்கத்தில் விஞ்ஞானி. டவுன்ஷிப்பில் வளர்ந்த பரணிதரன், பள்ளிப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பன்னிரண்டு வருடம் கிராமத்தைப் பார்த்திருக்கிறார்.

முதல் கூட்டம் பனந்தாங்கல் ஊராட்சி அலுவலகத்தில் நடந்தது. டிரோன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியதும், முன் வரிசையில் இருந்த வேண்டா என்ற பெண் எழுந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கீரை போட்டு விற்கிறவள்.

"இன்னா சார், இம்மாம் பேரு வந்துகிறீங்க. காலைல அஞ்சேகாலுக்கு இங்கேர்ந்து ஒரு வண்டி, செங்கல்பட்டு டேசனுக்கு. அவ்ளோதான். மெட்ராசுக்கு ரயிலேறப் போறவங்கதான் எங்ககிட்ட கீரை வாங்கறது. இங்க மொத பஸ்ஸு எட்டு மணிக்கு. அது போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க எல்லாம் போயிடறாங்க. இப்போ கூடைய தலைல வச்சிக்கினு மூணு கிலோமீட்டர் கூட்ரோடு வரைக்கும் நடந்து ஷேர் ஆட்டோ புடிக்கறோம். ஏற்கெனவே ரெண்டு பொம்பளைங்க கீரைய வுட்டுட்டு ரிசார்ட்டுக்குப் பெருக்கப் பூட்டாங்க. இந்த வருசமும் பஸ்ஸு வரலன்னா நானும் தொடப்பம் தூக்கவேண்டிதுதான்."

பரணிதரன் அன்பாகச் சிரித்தார். ஊர், நேரம், காரணம் எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்ட முடியாது.

"நீங்க சொல்றது உங்க விருப்பம்மா. எங்களுக்குத் தேவை உங்க நடத்தை."

"எங்க நடத்தைக்கு இன்னா சார்?" என்றாள் வேண்டா. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"நடமாட்டம்! சார் நடமாட்டத்தைச் சொல்றாரு," என்று திவ்யா குறுக்கே வந்தாள்.

அதற்குத்தான் கருவிகள் வந்திருந்தன. மொத்தம் பன்னிரண்டு. தீப்பெட்டி அளவு, கழுத்தில் மாட்ட நீல நாடா. ஊரில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மாட்டினார்கள். அவர்களுக்கு 'இணை ஆய்வாளர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். கருவிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் தாயத்து. மூன்று வாரத்துக்குக் கழற்றக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. தினமும் சார்ஜ் போட வேண்டும். தொலைந்தால் ஊராட்சி பொறுப்பு. ஒரே இடத்தில் கிடந்தால் திவ்யாவின் கணினியில் சிவப்புப் புள்ளி விழும்.

முதல் நான்கு நாளும் பன்னிரண்டும் சிவப்பு. பரணிதரன் ஊராட்சிச் செயலர் ராஜாராமைப் போனில் பிடித்தார். ராஜாராம் இருபத்தாறு வருடமாக மேலிடத்துப் போன்களை எடுத்துப் பழகியவர். எதற்கும் இல்லை என்று சொன்னது கிடையாது.

"ஒண்ணுகூட நகரலையே, ராஜாராம்."

"நகந்துடும் சார்."

"மக்கள்கிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க. இது அவங்களுக்காகத்தான்."

"சொல்லிடறேன் சார். நாளைலேர்ந்து பாருங்க, கம்ப்ளெயின்ட்டே வராது."

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டும் பச்சையாகின. எடுத்துச் சொன்னால் எளிய மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு உதாரணமாக இதைப் பரணிதரன் பிற்பாடு மூன்று கருத்தரங்குகளில் சொன்னார்.

மூன்று வாரம் முடிந்தது. வரைபடத்தைத் திரையில் போட்டபோது பரணிதரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தாறுமாறாகக் கோடுகள் வரும் என்று நினைத்திருந்தார். வந்தது ஒரே கோடு. தடித்த, தெளிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத கோடு. பன்னிரண்டு பேரும் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரைப் பெரிய கிணற்றடியில் கூடுகிறார்கள். நாற்பது நிமிடம் இருக்கிறார்கள். பிறகு கிளம்பித் திருப்போரூர் வழியாக ஓ.எம்.ஆர். சாலைக்குப் போகிறார்கள். ஓரிடத்தில் அரைமணி நேரம் நிற்கிறார்கள். திரும்பிக் கிணற்றடிக்கே வருகிறார்கள்.

"சார், பன்னிரண்டு பேரும் ஒட்டிக்கிட்டே போறாங்க. ரெண்டு அடிகூட விலகல," என்றாள் திவ்யா.

"அதுதான் கிராமம், திவ்யா. எங்க அபார்ட்மென்ட்ல எதிர் வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது."

"ஒரு நாளைக்கு நாலு தடவை போயிட்டு வர்றாங்க."

"மண்ணை விட்டு ரொம்ப நேரம் இருக்க முடியல அவங்களால."

"ஒவ்வொரு தடவையும் கிணத்தடியில நாற்பது நிமிஷம் என்ன சார் பண்ணுவாங்க?"

"பேசுவாங்க. முடிவெடுப்பாங்க. நாமதான் அதையெல்லாம் தொலைச்சிட்டோம்." அவர் அங்கேயே 'கிணற்றடி மன்றம்' என்று தட்டச்சு செய்து, எழுத்தைத் தடிப்பாக்கினார்.

"எதுல சார் போறாங்க? அந்த நேரத்துக்குப் பஸ்தான் கிடையாதே."

"அதைத்தானே நாம விடப் போறோம்," என்றார் பரணிதரன்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. கோட்டின் மறுமுனையைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது திருப்போரூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே முந்நூறு வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தின் பின்வாசலில் போய் முட்டியது. பரணிதரன் ஆறு வருடமாகக் குடியிருப்பது அந்த அடுக்ககத்தில்தான். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தான் கிராமத்தைத் தேடிக்கொண்டிருக்க, கிராமம் தினமும் நான்கு தடவை தன்னைத் தேடி வந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் தோட்டக்காரரைப் பனந்தாங்கலா என்று கேட்டார். திண்டிவனம் என்றார். காவலாளியைக் கேட்டார். அசாம் என்றார். வேலைக்கு வரும் இரண்டு பெண்களைக் கேட்டார். இருவரும் பக்கத்துத் தெரு. நான்கு பேரையும் விதிவிலக்கு என்று குறித்துக்கொண்டார்.

ஆக, வழித்தடம் முடிவாகிவிட்டது. பெரிய கிணற்றடியிலிருந்து அடுக்ககத்தின் பின்வாசல் வரை.

முடிவை அறிவிக்க மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் ஒருநாள் கருத்தரங்கு வைத்தார்கள். நிதி கொடுக்கும் அறக்கட்டளையின் குழு வந்திருந்தது. குழு தலையசைத்தால் மினிபஸ் ஓடும்; பரணிதரன் இயக்குநர் ஆவார். பன்னிரண்டு இணை ஆய்வாளர்களுக்கும் மேடையில் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. அழைப்பிதழ் ஒரு மாதம் முன்பே போய்விட்டது. அவர்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று, இணைப்பைப் பற்றி அன்று பேச இருந்த ஒன்பது பேரில் யாரும் யோசிக்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். முன்வாசல் வழியாக அல்ல, சமையற்கட்டு வழியாக. காவலாளி வண்டியைப் பார்த்ததுமே, "தண்ணி லாரியா? பின்னாடி கேட்டுக்குப் போ," என்று அனுப்பிவிட்டாராம். டிரைவரையும் சேர்த்து லாரியின் முன்பக்கத்தில் நான்கு பேர்தான் உட்கார முடியும்.

அது தேநீர் இடைவேளை. அடுத்துப் பேச வேண்டியவர் பரணிதரன். அறுபத்து நான்கு ஸ்லைடுகளை மனத்துக்குள் ஓட்டியபடி காப்பிக் குவளையோடு நின்றவர் முன்னால் வந்த வேண்டா, மஞ்சள் பையிலிருந்து நீல நாடாக் கொத்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எண்ணிக்கோ சார். பன்னெண்டும் கீது. ஒண்ணுகூட நனையல."

"எல்லாருடையதும் உங்ககிட்ட எப்படிம்மா?"

"எங்கிட்ட ஏது? தீனா வண்டியிலதான் தொங்கிக்கினு இருந்துச்சு."

அவளுக்குப் பின்னால் சமோசாவோடு நின்ற தீனதயாளன் வணக்கம் வைத்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், வேண்டாவுக்குத் தம்பி முறை.

"ஒரு வேளைதான் கழுத்துல போட்டுப் பாத்தோம் சார்," என்றாள் வேண்டா. "கீரைப் பாத்தில தண்ணி கட்டாம இருக்க முடியுமா? கழட்டி ஆணில மாட்னா, நகரல நகரலன்னு உங்காளுங்க போன் மேல போனு. ஒரே பேஜாரு. அப்புறம் இந்த அண்ணாத்ததான் வழி சொன்னாரு."

அந்த அண்ணாத்த, ராஜாராம், உத்தரத்து விளக்கை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்ளெயின்ட் வரக் கூடாதுன்னீங்க சார். நம்மூர்ல ஓயாம நகர்றது தீனா வண்டி ஒண்ணுதான். சார்ஜரும் அதுலயே கீது."

பரணிதரனுக்குக் காப்பி கசந்தது. "அப்போ அந்த நாலு தடவை..."

"நாலு லோடு சார்," என்றான் தீனதயாளன். "கிணத்துல மோட்டார் போட்டா ரொம்பறதுக்கு நாப்பது நிமிசம் ஆவும். திருப்போரூர் தாண்டி ஒரு பெரிய அபார்ட்மென்ட்டு. பின்பக்கமா போய்த் தொட்டில எறக்கணும். நாலு லோடும் பத்தல சார் அவனுங்களுக்கு. இன்னாதான் குளிக்கிறானுங்களோ."

அந்த அபார்ட்மென்ட் எது என்று பரணிதரன் கேட்கவில்லை.

"அத வுடு," என்றாள் வேண்டா. "செங்கல்பட்டு பஸ்ஸு இன்னாச்சு சார்?"

திவ்யா அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "சார், மேடையில சொல்லிடலாம். அஞ்சேகாலுக்குச் செங்கல்பட்டு. ஒரே ஸ்லைடு. நான் இப்பவே பண்ணித் தரேன்."

பரணிதரன் கெட்டவர் இல்லை. தீனதயாளன் அந்தச் சமோசாவைத் தின்று முடிக்கும்வரை உண்மையாகவே தவித்தார். கருவி பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு கருவிகளும் அந்த வழியில் போனது சத்தியம். அவை யார் கழுத்தில் இருந்தன, எந்தக் கண்ணாடியில் தொங்கின என்பதெல்லாம் செயலாக்கம் சார்ந்த சங்கதி. அதற்காக அறுபத்து நான்கு ஸ்லைடுகளையும் ஒரு ஸ்லைடாக்கிக்கொண்டு மேடையேறினால், எட்டு மாதம் என்ன செய்தீர்கள் என்று குழு கேட்கும். அதற்கு அவரிடம் ஸ்லைடு இல்லை.

"இது முதல் கட்டம்மா," என்றார். "செங்கல்பட்டு ரெண்டாவது கட்டத்துல வரும்."

"ரெண்டாவது கட்டம் எப்போ?"

"முதல் கட்டம் வெற்றி அடைஞ்சதும்."

"யாரும் ஏறாத பஸ்ஸு எப்புடி சார் வெற்றி ஆவும்?"

நல்ல வேளையாக உள்ளே அவர் பெயரை அழைத்தார்கள்.

நன்றாகவே பேசினார். கிணற்றடி மன்றத்தைப் பற்றிச் சொன்னபோது குழுவில் ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாற்பத்தோராவது ஸ்லைடின் அடியில், 'தரவுகளில் சிறு மாறுபாடுகள் இருக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த திவ்யாவாலும் அதைப் படிக்க முடியவில்லை. அது இருப்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் கடைசி நிமிடத்தில் போனில் அதைச் சேர்த்தவள் அவள்தான். குழு தலையசைத்தது. வந்திருந்த நால்வருக்கும் சால்வை போர்த்தினார்கள். தீனதயாளனுக்கும் கிடைத்தது. பன்னிரண்டு பேரின் வழியையும் ஒற்றை ஆளாகப் போனவன் என்ற முறையில் அது நியாயம்தான். வேண்டா சால்வையை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். போகிற வழியில் ரிசார்ட்டின் மேலாளரிடம், பெருக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் திறப்பு விழா.

வழித்தடம் கிணற்றடியில் தொடங்குவதால் பேருந்து நிறுத்தத்தையும் கிணற்றடியிலேயே கட்டியிருந்தார்கள். மூங்கில் வளைவு, கருங்கல் இருக்கை, மன்றம் கூடுவதற்காக வட்டமாக ஒரு மேடை. சனிக்கிழமையே பந்தல் போட்டாகிவிட்டது. வரப்போகிறவர்கள் பெரிய மனிதர்கள் என்பதால், ராஜாராம் ஒரு குறையும் வைக்காமல் கிணற்றுப் பாதை முழுவதையும் அடைத்துப் பந்தலை இழுத்துவிட்டிருந்தார்.

பரணிதரன் இப்போது இயக்குநர். ஆனாலும் மேடையில் நடு நாற்காலியை மறுத்துவிட்டு, கடைசியில், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தார். எவ்வளவு எளிமை என்று ராஜாராம் மைக்கில் சொன்னார். பரணிதரன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பந்தல் துணி. துணிக்குப் பின்னால் மாலை போட்ட மினிபஸ். வரவேற்புரை ஓடிக்கொண்டிருக்கும்போது, துணிக்கு அந்தப் பக்கம் வேண்டா பஸ் டிரைவரோடு பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. டிரைவர் பெயர் தமிழ்வாணன், கூட்ரோட்டுக்காரன்.

"ராத்திரில வண்டி எங்க நிக்கும்?"

"இங்கதான்க்கா. காலைல ஏழரைக்கு மொத ட்ரிப்பு."

"டீசலு எங்க போடுவ?"

"ஓனருக்குச் செங்கல்பட்டு டேசனாண்ட ஒரு பங்க்குல பழக்கம். தெனம் அங்க போய்ப் போட்டுக்கினு வந்துதான் ட்ரிப்பு எடுக்கணும்."

மைக்கில் ராஜாராம் இரண்டு இதயங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தினி மணிக்குப் போவ?"

"ஆறு, ஆறேகாலு."

"அஞ்சேகாலுக்குப் போ."

"காலி வண்டிக்கா அது. அதுல ஆளு ஏத்தக் கூடாதுன்னு ரூலு."

"ஆள யாரு ஏத்தச் சொன்னா? கீரைய ஏத்து. கீரை கூட நாங்க வருவோம். அஞ்சு பேரு. தெனமும் ஒனக்கு நாஸ்தா எங்க வூட்டுது."

"இட்லியா?"

"வாயத் தொறந்தா வெரைட்டி கேப்பான் போல கீது. இட்லிதான்."

"சட்னி ரெண்டு வகை வேணும்," என்றான் தமிழ்வாணன். அத்தோடு பனந்தாங்கல்-செங்கல்பட்டு வழித்தடம் வடிவமைக்கப்பட்டது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பரணிதரன் எல்லாவற்றையும் கேட்டார். இது ஒப்பந்த மீறல். தடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. ஏழரை மணிப் பேருந்தில் யாரும் ஏறப் போவதில்லை என்றும் அவருக்குத் தெரியும். முன்னால் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, கேட்காதவர்போல் உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதத்தில் வேண்டாவுக்காக அவர் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

கொடியசைப்பு முடிந்ததும் புகைப்படக்காரர் எல்லோரையும் பஸ்ஸுக்கு முன்னால் நெருங்கி நிற்கச் சொன்னார். வேண்டா பன்னீர்ச் செம்போடு வந்து ஒவ்வொருவர் மேலும் தெளித்தாள். பரணிதரன் கையை நீட்டி நிறையவே வாங்கிக் கழுத்திலும் தடவிக்கொண்டார்.

"இன்னா சார், அம்மாந்தூரம் நிக்கிற? கிட்ட வா," என்றாள் வேண்டா.

"பரவாயில்லம்மா. இங்கயே நிக்கிறேன்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தீனதயாளன் வந்தான். ஏரிக்கரை முனையில் அவன் லாரி வெறும் தொட்டியோடு நின்றிருந்தது.

"சார், பந்தல எப்போ பிரிப்பீங்க? சனிக்கெழமலேர்ந்து வண்டி உள்ள போவ முடியல. ஒரு லோடுகூட அடிக்கல. அந்த அபார்ட்மென்ட்காரனுங்க போன் மேல போன் போட்டுத் திட்டிக்கினு கீறானுங்க."

"உடனே பிரிக்கச் சொல்லுங்க, ராஜாராம். இப்பவே," என்றார் பரணிதரன். விழா மேடையில் பூச்செண்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை. இவ்வளவு அவசரமாக அவர் பேசி ராஜாராம் கேட்டதில்லை.

பந்தலின் முதல் கம்பம் சாய்ந்தது. தீனதயாளன் லாரியைப் பின்பக்கமாக எடுத்துக் கிணற்றடிக்கு விட்டான். புகைப்படக்காரர் மறுபடியும் பரணிதரனை நெருங்கி நிற்கச் சொன்னார். அவர் நகரவில்லை. இரண்டு நாளாக அவர் குளிக்கவில்லை.